நம் தெருவில் இருந்து ஓர் ஆசிரியர்

பி.எட். சேர்க்கைக்கான அறிவிப்பு ஆண்டுதோறும் வருகிறது. நாளிதழின் உள்பக்கத்தில் சின்னச் செய்தியாக வரும். இரண்டு, மூன்று வாரம் அவகாசம் இருக்கும். பிறகு முடிந்துவிடும். பொறியியல், மருத்துவக் கலந்தாய்வுக்கு நடக்கும் ஆரவாரம் இதற்குக் கிடையாது. தேதியும் நிலையாக இல்லை. 2023-ல் செப்டம்பரில் விண்ணப்பம் தொடங்கியது. 2025-ல் ஜூன் மாதமே தொடங்கிவிட்டது. விம்கோ நகர், எர்ணாவூர், கத்திவாக்கம் பக்கத்துப் பட்டதாரிப் பிள்ளைகள் பலருக்குக் கடைசி நாள் போன பிறகுதான் விஷயமே தெரியவருகிறது.

இட ஒதுக்கீட்டைப் பற்றி நாம் மேடை போட்டுப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் 18 சதவீதம் என்பது விண்ணப்பம் போட்டவர்களுக்குள் பங்கிடப்படும் இடம். போடாதவருக்கு அதில் பங்கு இல்லை. அரசுப் பள்ளி வகுப்பறையில் நம்மவர் ஒருவர் ஆசிரியராக நிற்பாரா என்பது ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வில்தான் முடிவாகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இந்தச் சின்ன அறிவிப்பு வந்த வாரத்திலேயே, பாதி முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இந்த வாரம் பி.எட். விண்ணப்பத்தைப் பற்றி எழுதுகிறோம்.

எத்தனை இடம், எங்கே?

தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் 7. அரசு உதவி பெறுபவை 14. இந்த 21 கல்லூரிகளிலும் சேர்த்து ஒற்றைச் சாளர முறையில் நிரப்பப்படும் இடங்கள் 2,040. மாநிலம் முழுவதற்கும், எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து இவ்வளவுதான். இதில் ஆதிதிராவிடருக்கான 18 சதவீதத்தை நேராகக் கணக்குப் போட்டால் 360 சொச்சம் இடம் வரும். அதற்குள்தான் அருந்ததியருக்கான 3 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. பழங்குடியினருக்கு ஒரு சதவீதம், அதாவது 20 இடம். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்து இருளர் பிள்ளைகள் போட்டியிடுவது இந்த 20 இடத்துக்குத்தான்.

ஏழு அரசுக் கல்லூரிகளில் இரண்டு சென்னையில் இருக்கின்றன. ஒன்று சைதாப்பேட்டையில். மற்றொன்று கடற்கரைச் சாலையில் உள்ள லேடி வெலிங்டன். உதவி பெறும் கல்லூரிகளில் ராயப்பேட்டை மெஸ்டன், அசோக் நகர் ஸ்டெல்லா மேட்டுடினா, வேப்பேரி செயின்ட் கிறிஸ்டோபர், திருவல்லிக்கேணி என்.கே.டி. தேசிய மகளிர் கல்லூரி ஆகியவை உண்டு. பட்டியலைப் பார்த்தாலே ஒன்று தெரியும். ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை ஒன்றுகூட இல்லை. பட்டப் படிப்புக்கு வியாசர்பாடியில் அம்பேத்கர் கல்லூரி இருக்கிறது, வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரி இருக்கிறது, திருவொற்றியூரிலும் அரசு கலைக் கல்லூரி வந்துவிட்டது, பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி இருக்கிறது. பட்டதாரிகள் இங்கே உருவாகிறார்கள். ஆசிரியராக்கும் கல்லூரிதான் நகரத்தின் அந்தப் பக்கம் இருக்கிறது.

தூரத்தைச் சொல்லிச் சோர்ந்துவிட வேண்டாம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. அதே நீல வழித்தடம்தான் சைதாப்பேட்டைக்கும் போகிறது, நடுவில் மாற வேண்டியதில்லை. ஒரு வழிக்கு நாற்பது, ஐம்பது ரூபாய் ஆகும் என்பதால் தினமும் கட்டுப்படியாகாது. மின்சார ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்தால் மாதம் சில நூறு ரூபாயில் முடியும். மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகளுக்கும் அதே ரயில்தான் வழி. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் கட்டணமில்லை.

பி.காம். படித்தவர்கள் கவனிக்க

பட்டம் இருந்தால் பி.எட். சேர்ந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் போன்ற பாடங்களில் இளநிலைப் பட்டம் போதும். வணிகவியல், பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல் போன்ற பாடங்களுக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும். பி.காம். மட்டும் முடித்தவர் விண்ணப்பிக்க முடியாது, எம்.காம். முடித்தே வர வேண்டும்.

நம் பகுதியில் இது பெரிய விஷயம். துறைமுகமும் கம்பெனிகளும் சுற்றி இருப்பதால், கணக்குப் படித்தால் அலுவலக வேலை கிடைக்கும் என்று பி.காம். எடுப்பவர்கள் இங்கே அதிகம். படிப்பு முடிந்த பிறகு ஆசிரியராகும் எண்ணம் வந்தால் இன்னும் இரண்டு ஆண்டு கூடுகிறது. எம்.காம். இரண்டு, பி.எட். இரண்டு என்று நான்கு ஆண்டு. இந்தக் கணக்கைப் பிளஸ் 2 முடித்த பிள்ளைக்கு யாராவது சொல்ல வேண்டும். ஆசிரியராக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளை கல்லூரி விண்ணப்பத்தில் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பி.எட்.டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கணிதமோ ஆங்கிலமோ இயற்பியலோ பயமாக இருக்கிறது என்று விலகிப் போகும் பாடங்கள்தான் பி.எட்.டுக்கு நேர்வழியாக இருக்கின்றன.

இன்னொன்று. பி.எட். முடித்தவர் தொடக்கப் பள்ளியில், அதாவது ஐந்தாம் வகுப்பு வரை, ஆசிரியராக முடியாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு ஆசிரியர் பட்டயப் பயிற்சி தனி. பி.எட். என்பது ஆறாம் வகுப்புக்கு மேல் பாடம் நடத்துவதற்கான படிப்பு.

மதிப்பெண் பயமும் தேவையில்லாமல் பலரைத் தடுக்கிறது. பொதுப் பிரிவினருக்குப் பட்டப் படிப்பில் 50 சதவீதம் வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 40. ‘என் மார்க்குக்குக் கிடைக்காது’ என்று தாமே முடிவு செய்துகொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. பாடவாரியாகத்தான் இடம் பிரிக்கப்படுகிறது. ஒரு பாடத்தில் கடும் போட்டி இருக்கும், இன்னொரு பாடத்தில் இருக்காது. விண்ணப்பம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். விண்ணப்பக் கட்டணமும் நமக்குப் பாதிதான்.

பணம் எங்கே தடுக்கிறது?

அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. அங்கே இடம் கிடைக்காதவர் சுயநிதிக் கல்லூரிக்குப் போகிறார். கடன் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்குச் சுயநிதிக் கல்லூரியிலும் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012-ல் வந்த அரசாணை எண் 92 சொல்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்று செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் 2018-ல் வந்த விதிகளின்படி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு இந்த உதவித்தொகை இல்லை. எனவே சுயநிதிக் கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன்னால், ‘இது எந்த ஒதுக்கீட்டில் தரும் இடம், உதவித்தொகை வருமா?’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, பிறகு அதைத் திரும்ப வாங்க முடியாமல் நிற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மத்திய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பணம் வந்ததும் வீட்டில் ஆயிரம் தேவை இருக்கும். அது கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம் என்பதைப் பெற்றோரும் மறக்கக் கூடாது. புதுமைப் பெண் திட்டத்தில் வந்த மாதம் ஆயிரம் ரூபாய் பட்டப் படிப்போடு நின்றுவிடும். பி.எட்.டுக்கும் வரும் என்று கணக்குப் போட வேண்டாம்.

ராயபுரம், காசிமேடு பக்கத்துத் தலித் கிறித்தவக் குடும்பங்கள் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரிச் சேர்க்கையில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். கட்டண உதவிக்கு ஆதிதிராவிடர் நலத் துறையிடம் போக வேண்டும். இது தெரியாமல் இரண்டு இடத்திலும் தவறான சான்றிதழைக் கொடுத்தால் விண்ணப்பமே திரும்பி வரும். பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கையில் இருக்கிறது, கிடைக்கப் பல மாதம் ஆகும். பிள்ளை பட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும்போதே அதற்கு மனுப் போட்டுவிட வேண்டும்.

கட்டணத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. 2015-ல் இருந்து பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. வகுப்புக்கு 80 சதவீதம் வருகை வேண்டும். அதில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி. அந்தப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை கட்டாயம். ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டில் 21 வயதுப் பிள்ளை இரண்டு ஆண்டு சம்பாதிக்காமல் இருப்பது சுலபமில்லை. இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுக் காலையில் வகுப்புக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிப் பயிற்சி நாட்களில் அதுவும் முடியாது. பாதியில் நிற்பது அங்கேதான் அதிகம் நடக்கிறது.

இந்த நெருக்கடியைப் பிழைப்பாக்கிக்கொண்டவர்களும் உண்டு. ‘வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வுக்கு வந்தால் போதும்’ என்று ஆள் பிடிக்கும் தரகர்கள் பக்கத்து மாநிலக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். கட்டணத்துக்கு மேல் தனியாக வருகைக்கு ஒரு தொகை வாங்குவார்கள். அப்படி வாங்கிய சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்குமா என்பது ஒரு கேள்வி. வகுப்பறையையே பார்க்காமல் பட்டம் வாங்கியவர், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் சாக்பீஸோடு நிற்கும்போது என்ன செய்வார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அந்த நாற்பதில் பாதிப் பேர் நம் பிள்ளைகளாகவும் இருப்பார்கள்.

படித்தாலும் வேலை கிடைக்குமா?

நியாயமான கேள்வி. 2013-ல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்கள் இன்னும் போராடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். தகுதித் தேர்வில் தேறினாலும் மறுபடி ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-ல் அரசாணை 149 வந்தது. 2023-ல் நியமனத்துக்கான வயது வரம்பு, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 58 ஆக உயர்த்தப்பட்டது. வரிசை எவ்வளவு நீளம் என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

ஆனாலும் பணியிடங்கள் வராமல் இல்லை. 2023 அக்டோபரில் 2,222 பட்டதாரி ஆசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. பிறகு அந்த எண்ணிக்கை கூடியது. 2025-ல் முதுநிலை ஆசிரியர் பணிக்கு 1,996 இடங்களுக்குத் தேர்வு நடந்தது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளிலும் பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் பி.எட். கேட்கிறார்கள். தகுதித் தேர்வுச் சான்றிதழ் இப்போது வாழ்நாள் முழுவதும் செல்லும். வேலை உறுதி என்று நாம் சொல்ல மாட்டோம். பி.எட். இல்லாதவருக்கு அந்த வரிசையில் நிற்கவே இடமில்லை என்பதைச் சொல்கிறோம். தேர்வு வரும்போது நம் பிரிவில் தகுதியானவர் குறைவாக இருந்தால், ‘ஆள் கிடைக்கவில்லை’ என்று இடத்தைக் காலியாக வைப்பது அவர்களுக்குச் சுலபம். அதற்கு நாமே வழி செய்து கொடுக்கக் கூடாது.

ஏன் நம்மவர் வேண்டும்?

இது ஒரு குடும்பத்தின் சம்பளக் கணக்கோடு முடிகிற விஷயம் இல்லை. 1894-ல் அடையாறு அருகே ஆல்காட், அயோத்திதாசர் போன்றோரின் முயற்சியில் நம் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கியபோதும், 1916-ல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோதும், கட்டடத்தைவிடக் கடினமாக இருந்தது நம் பிள்ளையைத் தொட்டுக் கையைப் பிடித்து எழுத வைக்கும் ஆசிரியரைத் தேடுவதுதான். எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராகத் தொடங்கியவர், பள்ளிப் பாடநூல்கள் எழுதியவர். அந்த ஆசிரியர்தான் சென்னை சட்டசபைக்குப் போய், 1922-ல் நமக்கு ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை அரசு ஏற்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். இன்று சைதாப்பேட்டையில் ஆதிதிராவிடர் கல்லூரி மாணவர் விடுதி அவர் பெயரில் இருக்கிறது. ஆசிரியர் கல்லூரி இருப்பதும் அதே சைதாப்பேட்டையில்தான்.

அந்தக் காலம் போய்விட்டது என்பவர்கள் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். கூடப் படித்தவர்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, கையில் சாதிக் கயிறு கூடாது என்பதோடு, ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போதே சமூக நீதியில் அவருடைய நிலைப்பாட்டைப் பார்க்க வேண்டும் என்றும் அது சொன்னது. பள்ளியில் சாதியை வளர்ப்பதிலும் தடுப்பதிலும் ஆசிரியருக்குப் பங்கு இருக்கிறது என்பதை ஓர் அரசுக் குழுவே ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவில் டென்னசி மாநிலப் பள்ளி மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது. மூன்றாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினக் குழந்தைகள், பின்னாளில் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 13 சதவீதம் கூடுதலாக இருந்தது. நமக்கு இது புதிய செய்தி இல்லை. ‘இதுக்கு மேல உனக்குப் படிப்பு வராது’ என்று சொன்ன ஆசிரியரையும், ‘நீ படி, நான் பாத்துக்கறேன்’ என்று சொன்ன ஆசிரியரையும் நம் ஒவ்வொருவருக்கும் நினைவிருக்கும். அம்மோனியா கசிந்த ராத்திரியில் வீட்டைவிட்டு ஓடிய பிள்ளை மறுநாள் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்காமலே புரிந்துகொள்ளும் ஆசிரியர், எண்ணூர்க் காரராக இருந்தால் நல்லது இல்லையா?

அரசிடம் கேட்பது

முதலாவது, வடசென்னையில் ஓர் அரசு கல்வியியல் கல்லூரி வேண்டும். திருவொற்றியூரிலோ வியாசர்பாடியிலோ இப்போது இருக்கும் கலைக் கல்லூரி வளாகத்திலேயே தொடங்கலாம். இரண்டாவது, 20 வாரப் பள்ளிப் பயிற்சிக்கு உதவித்தொகை தர வேண்டும். கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேரும் பையனுக்குச் சட்டப்படி மாதம் பணம் கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் நான்கு, ஐந்து மாதம் பாடம் நடத்தும் பயிற்சி ஆசிரியருக்கு ஏன் கிடையாது? மூன்றாவது, கலந்தாய்வு முடிந்ததும் எந்தப் பாடத்தில், எந்தப் பிரிவில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை இடம் மாற்றப்பட்டது என்று வெளியிட வேண்டும். எங்கே நாம் குறைகிறோம் என்பது தெரிந்தால்தான் சரி செய்ய முடியும்.

இவை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு தெருவிலும் படிப்பகமோ மன்றமோ இருக்கிறது. மே மாதம் தொடங்கி வாரம் ஒரு முறை அறிவிப்பு வந்ததா என்று பார்ப்பது ஒருவர் வேலையாக இருக்கட்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆறு பருவத்து மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் ஒரே கோப்பில் தயாராக இருக்கட்டும். இ-சேவை மையத்தில் அடுத்தவர் கையில் விட்டுவிட்டு வராமல், பாடமும் பிரிவும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஏற்கெனவே பி.எட். முடித்து வேலையில் இருக்கும் நம்மவர்கள், தங்கள் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளின் விண்ணப்பத்தையாவது உடன் இருந்து போட்டுக் கொடுங்கள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறோம். தீப்பெட்டிக் கம்பெனி பெயர் தந்த ஊர் இது. ஒரு தலைமுறைக்கு அந்த மாதிரிக் கம்பெனிகள் நிரந்தர வேலை கொடுத்தன. இன்று கேட்டுக்கு முன்னால் நிற்பவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. அந்த வேலைக்கு உங்கள் மகனோ மகளோ இரண்டு ஆண்டு கழித்தும் போகலாம். பி.எட். இடம் அப்படிக் காத்திருக்காது. அந்த இரண்டு ஆண்டை அவர்களுக்குக் கொடுங்கள்.